இதய அடைப்புக்கு ஸ்டென்ட்: அன்றும் இன்றும்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எங்கள் அலுவலக அலமாரியில் மருத்துவ உதவி மனுக்களை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறோம். இன்றைய கூட்டத்துக்காக இதய நோய் தொடர்பான மனுக்களை மட்டும் தனியே எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். அவற்றில் இரண்டு மனுக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, அடிக்கட்டில் இருந்த பழைய மனு. தாள் மஞ்சளேறிப் போயிருக்கிறது. மனுதாரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். சென்னையில் ஆஞ்சியோ செய்து பார்த்ததில் அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும், லட்சக்கணக்கில் பணம் வேண்டும். அன்று ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டை விரித்து வசூல் செய்தோம். அந்தக் குடும்பம் நகையையும் விற்றது, கொஞ்சம் நிலத்தையும் விற்றது.

இன்னொன்று, அண்மையில் வந்த மனு. மனுதாரருக்கு வயது 39. வளைகுடாவில் ஓட்டுநராக இருந்தவர், விடுமுறையில் ஊர் வந்த இடத்தில் மாரடைப்பு. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்து, சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செலவு அரசுக் காப்பீட்டில் முடிந்துவிட்டது. அவர் கேட்டிருப்பது மாதாமாதம் மாத்திரை வாங்க உதவி, அவ்வளவுதான்.

இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று புரிந்தது. வைத்தியம் மாறிவிட்டது, நோயாளியும் மாறிவிட்டார். ஆனால் உதவி செய்யும் நாமும், நோயாளியைக் கவனிக்கும் குடும்பங்களும் இன்னும் பழைய மனுவின் காலத்திலேயே இருக்கிறோம். இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, மனுக்களைப் படித்துப் பழகியவர்கள் என்ற முறையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சமையலறையில் செய்த பலூன்

இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது. அந்த இதயத்தின் தசைக்கும் ரத்தம் வேண்டுமல்லவா? அதைக் கொண்டுவரும் குழாய்கள் இதயத்தின் மேலேயே கிளை கிளையாக ஓடுகின்றன. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலம்தான். அதன் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகினால், மாடி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சு இறுக்கும். படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, குழாய் திடீரென்று அடைபட்டால் அது மாரடைப்பு.

அடைப்பை நெஞ்சைத் திறக்காமலே சரிசெய்ய முடியுமா என்று முதலில் யோசித்தவர்கள் காலில் தொடங்கினார்கள். 1964இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர், ஒரு மூதாட்டியின் காலில் அடைபட்ட ரத்தக் குழாயைத் தோல் வழியாகக் குழாய் செலுத்தி விரித்துக் காட்டினார். அதைப் பார்த்துக் கற்ற ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக் என்ற ஜெர்மானிய மருத்துவர், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே சின்னஞ்சிறு பலூன்களைச் செய்து பார்த்தார். மனைவியும் உதவியாளரும் கூட உட்கார்ந்து செய்தார்கள். 1977 செப்டம்பர் 16ஆம் தேதி, விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயக் குழாய்க்குள் அந்தப் பலூனைக் கொண்டுபோய் ஊதி, அடைப்பை விரித்தார். உலகின் முதல் இதய ஆஞ்சியோபிளாஸ்டி அதுதான்.

அந்த நோயாளிக்கு வயது 38. மருத்துவருக்கும் அதே வயதுதான். பத்தாண்டுகள் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. ஆனால் அதைப் பார்க்க மருத்துவர் இல்லை. 1985இல் ஒரு விமான விபத்தில் காலமாகிவிட்டார்.

அதற்குள் அவர் அமெரிக்காவின் அட்லாண்டா நகருக்குச் சென்று பலருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அவரிடம் பயின்றவர்களில் நம் நாட்டு மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கலும் ஒருவர். இந்தியாவில் இந்தச் சிகிச்சையை 1980களின் நடுவில் தொடங்கி வளர்த்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். சென்னையில் நெடுங்காலம் பணியாற்றியவர். சமையலறை மேசையில் தொடங்கிய வைத்தியம் பத்தாண்டுக்குள் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது என்றால், அறிவைத் தமக்குள் பூட்டி வைக்காமல் பிறருக்குக் கொடுத்தவர்களால்தான்.

கம்பி வலையும் மருந்துப் பூச்சும்

தொடக்க காலத்தில் இது எல்லோருக்கும் செய்கிற சிகிச்சை அல்ல. ஒரே குழாயில், ஆரம்பப் பகுதியில், குட்டையான, சுண்ணாம்பு படியாத அடைப்பு இருந்தால்தான் செய்வார்கள். அவர் பைபாஸுக்கும் தாங்கக்கூடியவராக இருக்க வேண்டும். ஏனென்றால் பலூன் வைத்தபின் நூறில் சிலருக்கு அந்த இடமே மடிந்து மூடிக்கொள்ளும். உடனே நெஞ்சைத் திறந்தாக வேண்டும். அதற்காக அறுவை அரங்கமும் குழுவும் தயாராகக் காத்திருந்த காலம் அது.

அந்த ஆபத்தைக் கடந்தவர்களுக்கும் இன்னொரு தொல்லை இருந்தது. பலூன் விரித்த இடம் மெல்ல மெல்ல மறுபடி சுருங்கிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் பழைய வலி திரும்பி வந்தது.

இதற்கு விடையாக வந்ததுதான் ஸ்டென்ட். விரித்த குழாய் மூடிவிடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கும் உலோகக் கம்பி வலை. 1986இல் பிரான்சின் துலூஸில் ஜாக் புவெலும், சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிக் சிக்வார்ட்டும் மனித இதயத்தில் முதன்முதலில் வைத்தார்கள். திடீரென மூடிக்கொள்ளும் ஆபத்து பெரிதும் குறைந்தது. ஆனால் உடம்புக்குள் அந்நியமான உலோகம் இருந்தால் அதன்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கும் முறை 1990களின் நடுவில் நிலைபெற்றது. இன்று ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் இரட்டை மாத்திரையின் கதை இதுதான். இதை மனதில் வையுங்கள், பின்னால் இதற்கே திரும்பி வருவோம்.

கம்பி வலை வைத்தும் சிலருக்கு உள்ளே தசை வளர்ந்து குழாய் சுருங்கியது. அந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை வலையின் மீதே பூசினார்கள். முதலில் பூசிய மருந்தின் பெயர் சிரோலிமஸ். பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து அது. 1999இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் இந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டை முதன்முதலில் நோயாளிகளுக்கு வைத்தார்கள். மறுபடி அடைபடுவது அதன்பின் வெகுவாகக் குறைந்தது. படைத்தவன் எந்த மண்ணில் எந்த நோய்க்கு மருந்து வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்!

வழியும் மாறியது. முன்பெல்லாம் தொடை வழியாகத்தான் குழாய் செலுத்துவார்கள். பிறகு பல மணி நேரம் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு உண்டு. 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் என்ற மருத்துவர் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து காட்டினார். இன்று நம் ஊர் நோயாளிகள் பலர் மணிக்கட்டில் சிறு கட்டோடு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்க்கிறோம்.

விலையும் காப்பீடும்

வைத்தியம் முன்னேறியதோடு, ஏழைக்கு எட்டும் தூரத்துக்கும் வந்திருக்கிறது. இதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி வரை மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியும் போட்டிருந்தார்கள். அந்த மாதம் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். பின்னர் இந்த வரம்பை அவ்வப்போது திருத்தி வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இப்போது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை உண்டு. இன்னும் அட்டை எடுக்காத குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. மாரடைப்பு வந்தபிறகு வருமானச் சான்றிதழுக்கு அலையும் வீட்டைப் பார்த்திருக்கிறோம். நோயாளி உள்ளே, மகன் தாலுகா அலுவலகத்தில். அட்டை இல்லாதவர்கள் இந்த மாதமே எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுத எங்கள் தம்பிமார்கள் உதவுவார்கள்.

நோயாளி யார் என்பதும் மாறிவிட்டது

அன்று தேர்ந்தெடுத்த ஒரு சிலருக்குச் செய்த சிகிச்சை இன்று எண்பது வயதுக்காரருக்கும், பைபாஸ் ஒருமுறை ஆனவருக்கும், சிறுநீரகம் பழுதடைந்து டயாலிசிஸ் செய்பவருக்கும் நடக்கிறது. கல்லாகிப்போன சுண்ணாம்பு அடைப்பைக் கடைந்தெடுக்கவும், அதிர்வால் உடைக்கவும் கருவிகள் வந்துவிட்டன.

நமக்குக் கவலை தருவது மறுபக்கம். நோய் இளைஞர்களை நோக்கி இறங்கி வந்திருக்கிறது. பல நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. முதல் மாரடைப்பு வரும் நடுவயது மற்ற நாட்டினருக்கு 58க்கு மேல், தெற்காசியர்களுக்கு 53 என்று அது கண்டது. காரணமும் சொன்னது: புகை, சர்க்கரை, கெட்ட கொழுப்பு போன்றவை நமக்கு இள வயதிலேயே வந்துவிடுகின்றன.

எங்கள் மனுக்கட்டும் இதையே சொல்கிறது. முன்பு வாப்பாவுக்காக மகன் மனு எழுதினான். இப்போது மகனுக்காக வாப்பா எழுதுகிறார். கைநடுங்கக் கையெழுத்துப் போடும் அந்தப் பெரியவர்களின் முகத்தை எங்களால் பார்க்க முடிவதில்லை.

இளைஞர்களே, ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். வலீமா விருந்து மாதத்துக்கு நான்கு. பிரியாணி, தால்சா, அதன்மேல் இனிப்பு, அதன்மேல் வண்ணச் சோடா. இரவு பன்னிரண்டு வரை டீக்கடை, கையில் சிகரெட். வளைகுடாவில் இருப்பவர்களுக்குப் பதினான்கு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்த வேலை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை. ஸ்டென்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஒரு குழாயின் ஒரு விரற்கடை இடத்தைத்தான் திறக்கிறது. மற்றக் குழாய்களில் நோய் வளராமல் பார்ப்பது நம் கையிலும் வாயிலும் இருக்கிறது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களுக்கு மாரடைப்பு சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக இருக்க வேண்டியதில்லை. தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி, குமட்டல், வியர்வை என்றும் வரும். உம்மா அதைச் சொல்ல மாட்டார். சொன்னாலும், “அடுப்படியில் நின்றதால் வந்த அசதி” என்று நாமே முடித்துவிடுவோம். கணவர் வெளிநாட்டில், மகன் கடையில், ஆண் துணை வரட்டும் என்று காத்திருந்து நேரத்தைப் பறிகொடுத்த வீடுகள் நமதூரில் உண்டு. அந்த நேரத்தில் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். 108க்கு நீங்களே போன் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

காஸ் மாத்திரையில் போன இரவு

மாரடைப்பில் அடைபட்ட குழாய்க்குக் கீழே உள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. நோயாளி வந்து சேர்ந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது பெரிய மருத்துவமனைகள் தமக்கே வைத்துக்கொண்ட கணக்கு. அவர்கள் நிமிடக் கணக்கில் ஓடுகிறார்கள். நாம் மணிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தியாவின் 50 நகரங்களில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன நேரம் சராசரியாக ஆறு மணி நேரம். மருத்துவமனை சேர்ந்த பிறகு அடைப்பைக் கரைக்கும் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். தாமதம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

நமதூர்ச் சகோதரர் ஒருவர். இஷா தொழுதுவிட்டு வந்தவருக்கு நெஞ்சில் எரிச்சல். காஸ் மாத்திரை போட்டார்கள், சோடா கொடுத்தார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஃபஜ்ருக்குப் பிறகுதான் வண்டி ஏற்றினார்கள். உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இதயத்தின் பெரும் பகுதி பலவீனமாகிவிட்டது. பள்ளிவாசலுக்கு நடந்து வர இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. நாற்பத்து நான்கு வயது.

“பக்கத்தில் ஸ்டென்ட் வைக்கும் ஆஸ்பத்திரி இல்லையே” என்று சிலர் கேட்கலாம். அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலேயே நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனையோடு ஆம்புலன்ஸ் மூலம் இணைத்தார்கள். தூரத்தில் இருப்பவருக்கு முதலில் பக்கத்து மருத்துவமனையிலேயே உறைவைக் கரைக்கும் ஊசி. பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, ஒரு நாளுக்குள் ஆஞ்சியோ. இப்படிச் செய்ததில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆகவே எங்கே போவது என்று தயங்கி நிற்க வேண்டாம். ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். நோயாளியை பைக்கின் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

அவசரம் இல்லாத இடத்தையும் சொல்லிவிடுகிறோம். மாரடைப்பு இல்லாமல், நடக்கும்போது மட்டும் வலி வந்து நின்றால் போய்விடுகிற நிலையான நோய் வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதும் நல்ல மாத்திரை வைத்தியமும் 2007இலும் 2019இலும் வெளியான பெரிய ஆய்வுகளில் ஒப்பிடப்பட்டன. இரண்டாவது ஆய்வில் 37 நாடுகளில் 5,000க்கும் அதிகமானோர் இருந்தார்கள். ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் இறப்போ மாரடைப்போ மொத்தத்தில் குறையவில்லை. முக்கியமான இடது தலைக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதேபோல் சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸே நீண்ட காலத்துக்கு நல்லது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. “பைபாஸா? வேண்டாம், ஸ்டென்ட்டே வைத்துவிடுங்கள்” என்று பயத்தில் மருத்துவரை நெருக்காதீர்கள். “உடனே கையெழுத்துப் போடுங்கள்” என்று சொன்னால், நிலையான நோயாக இருந்தால், இரண்டாவது மருத்துவரிடம் ஒரு கருத்துக் கேட்க உங்களுக்கு நேரமும் உரிமையும் உண்டு.

எங்கள் மீதே ஒரு குறை

இப்போது சொல்வது எங்களுக்கு எளிதான விஷயம் அல்ல. அறக்கட்டளை நிர்வாகிகள் கலந்து பேசி, இதைச் சபையில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தே வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரருக்கு ஸ்டென்ட் வைக்க உதவினோம். காப்பீட்டு அட்டை இல்லாதவர். மனு வந்த அன்றே நிதி கொடுத்தோம். நல்லபடி முடிந்து வந்தார். எங்களுக்கும் மனநிறைவு. கோப்பின் மேல் “முடிந்தது” என்று எழுதி அலமாரியில் வைத்தோம்.

அவருக்கு அது முடியவில்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்க வேண்டும். தள்ளுவண்டி வியாபாரம். மகள் கல்யாணம் நெருங்கியது. நெஞ்சில் வலியும் இல்லை. “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இந்தச் செலவு” என்று ஐந்தாம் மாதம் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். வீட்டில்கூடச் சொல்லவில்லை. சில வாரங்களில், கல்யாணத்துக்கு முன்பே, அவர் மவுத்தாகிவிட்டார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் பொறுப்பு எங்கள் கையில் இருந்தது. பெரிய தொகையைத் தந்தோம், சிறிய தொகையைக் கேட்கவே இல்லை. அவருடைய மனைவி இத்தா முடிந்து எங்களிடம் வந்தபோது ஒன்று சொன்னார்: “நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நீங்க கேக்கலையேன்னு அவரும் கேக்கல.” அந்தச் சொல்லை நாங்கள் மறக்கவில்லை.

நாம் சற்று முன் சொன்ன அதே 2008 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. கிடைத்த சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது ஏழையின் இதயம் வேறு, பணக்காரரின் இதயம் வேறு அல்ல. கைக்குக் கிடைத்த மருந்துதான் வேறு. அறக்கட்டளை வேலை செய்ய வேண்டிய இடம் அந்த இடைவெளிதான்.

மாத்திரையும் நோன்பும்

ஆகவே ஸ்டென்ட் வைத்த வீட்டார் கவனிக்க வேண்டியவை சில.

மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட்டுக்குப் பொதுவாக ஓராண்டு வரை இரண்டு உறைவுத் தடுப்பு மாத்திரைகள். பிறகு ஒன்று, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும். இந்தக் காலம் ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கூட்டவும் குறைக்கவும் இதய மருத்துவருக்கே அதிகாரம். பல் பிடுங்கப் போனாலும், வேறு அறுவை சிகிச்சைக்குப் போனாலும் “ஸ்டென்ட் இருக்கிறது” என்று முதலில் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொழுப்பு மாத்திரையை “ரிப்போர்ட் நார்மல்” என்று நிறுத்துகிறார்கள். அது நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான்.

ரமலான் வந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வரும் கேள்வி ஒன்றே: “நோன்பு பிடிக்கலாமா?” நிலையாக இருக்கும் பலருக்கு நாளுக்கு ஒரு வேளை மாத்திரையை நோன்பு திறந்தபின் எடுக்கும்படியும், இரு வேளை மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுக்கும்படியும் மருத்துவரால் மாற்றித் தர முடியும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், நீர் பிரியும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நிலை வேறு. ரமலான் பிறை பார்த்தபின் யோசிக்காமல் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் வாருங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை நம் ஆலிம்களுக்கு நன்றாகத் தெரியும். மாத்திரையை விட்டுவிட்டு நோன்பு வைப்பதைத் தக்வா என்று நினைத்துவிடாதீர்கள். ஹஜ், உம்ரா செல்பவர்களும் பயண நாட்களுக்குமேல் சில நாள் மாத்திரை கூடுதலாக, மருத்துவச் சீட்டோடு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யப்போவது

நிர்வாகக் குழு மூன்று முடிவுகளை எடுத்திருக்கிறது. ஒன்று, ஸ்டென்ட் வைத்த தகுதியுள்ள எவருக்கும் ஓராண்டு மாத்திரைச் செலவு, அறுவைச் செலவுக்கு உதவியது யாராக இருந்தாலும், அறக்கட்டளையின் பொறுப்பு. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பவற்றை அங்கேயே வாங்க உதவுவோம், கிடைக்காததை நாங்கள் வாங்கித் தருவோம். இரண்டு, மாதம் ஒருமுறை ஒரு தொண்டர் வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைப் பார்ப்பார். சந்தேகப்பட்டு வருகிறார் என்று எண்ணாதீர்கள். கேட்காமல் விட்ட ஒரு தவறு எங்களை அனுப்புகிறது. பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண் தொண்டரே வருவார். மூன்று, இதய நோயாளிகளின் கோப்பில் இனி “முடிந்தது” என்று எழுத மாட்டோம்.

வசதியுள்ள சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்கு என்றால் அள்ளித் தருகிறீர்கள், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக. மாதாமாதம் மாத்திரைக்கு என்றால் அது பெரிய செயலாகத் தெரிவதில்லை. பெயர்ப் பலகை வைக்கவும் இடமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் தலைவரை அந்தச் சிறு தொகைதான் காத்து நிற்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடம் என்று ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் போதும்.

அன்று சூரிச்சில் அந்த மருத்துவர் ஒரு சமையலறை மேசையிலிருந்து தொடங்கினார். இன்று அந்த வைத்தியம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. மிச்சமிருப்பது இரண்டே தூரம். வலி தொடங்கிய கட்டிலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மாத்திரை டப்பா வரை மற்றொன்று. இரண்டும் நம் வீட்டுக்குள் இருக்கின்றன. இன்று வீட்டுக்குப் போனதும் வாப்பாவிடமும் உம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “மாத்திரை போட்டாச்சா?”

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. மவுத்தானவர்களின் பிழை பொறுப்பாயாக. எங்கள் பொறுப்பில் நாங்கள் விட்ட குறைகளை மன்னிப்பாயாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.